தேர்தல் செய்தியும் ஒரு மர பெஞ்சும்: உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?

நடைவண்டி:

தேர்தல் தேதி அறிவித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. நான் எந்தக் கட்சியிலும் இல்லை, கொடி பிடித்து ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் கை தானாகத் தலையணைக்கு அடியில் ஃபோனைத் தேடும். இவர் அவரை என்ன சொன்னார், அவர் திருப்பி என்ன சொன்னார், அதைக் கேலி செய்து நூறு பேர் என்ன எழுதினார்கள் என்று பார்த்து முடிப்பதற்குள் ஜன்னலில் வெளிச்சம் வந்துவிடும். பார்த்ததில் ஒன்றாவது காலையில் நினைவிருக்குமா என்றால், இருக்காது. நெஞ்சுப் படபடப்பு மட்டும்தான் மிச்சம்.

முதலில் இதய மருத்துவரிடம்தான் போனேன். ஈ.சி.ஜி. எல்லாம் சரியாக இருந்தது. அவர்தான் மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார். ஆலோசகர் பெரிதாக உபதேசம் எதுவும் செய்யவில்லை. "செய்தியே பார்க்காதீங்கன்னு சொல்ல மாட்டேன். ஒரு வாரம், தினமும் எவ்வளவு நேரம் பார்க்கிறீங்கன்னு மட்டும் எழுதிட்டு வாங்க" என்றார். எழுதினேன். எந்த நாளும் ஐந்து மணி நேரத்துக்குக் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏழு.

அதைப் பார்த்துவிட்டு அவர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது நினைவிருக்கும். அதன் பிறகு சில வாரங்களில் 4,675 பேரிடம் விசாரித்திருக்கிறார்கள். வெடித்த அந்த வாரத்தில் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, சம்பவத்தோடு நேரடித் தொடர்பு இருந்தவர்களைவிட மன அழுத்த அறிகுறிகள் அதிகமாம். எனக்கு மட்டும்தான் என்னவோ கோளாறு என்று நினைத்திருந்தேன். இதைக் கேட்டதும் கொஞ்சம் மூச்சு வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை, தோழி ஒருத்தி வம்பாக என்னை ஓவியக்கூடத்துக்கு இழுத்துப் போனாள். எனக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது. முதல் அறையை நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டேன். (பிறகு படித்தேன், நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் நேரம் குறித்துப் பார்த்தபோதும் மக்கள் ஒரு படத்தின் முன் நின்றது சராசரியாக 27 விநாடிதானாம். பாதிக்குப் பாதி 17 விநாடிக்குள் நகர்ந்துவிட்டார்களாம். ஆக, நான் தனி ஆள் இல்லை.) இரண்டாவது அறையில் ஃபோனை எடுத்தேன். யாரோ பதவி விலகியிருந்தார். அதைப் படித்துக்கொண்டு நின்றபோது அங்கே காவலுக்கு இருந்த பெரியவர் பக்கத்தில் வந்து, "உட்கார்ந்து பாருங்களேன். நின்னுக்கிட்டே பார்த்தா காலுதான் வலிக்கும்" என்று சுவரோரம் கிடந்த மர பெஞ்சைக் காட்டினார். ஃபோனைப் பார்க்கச் சொன்னாரா, படத்தைப் பார்க்கச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எதிரே ஒரு சாதாரணப் படம். வானம் கறுத்திருக்கிறது, ஒரு பெண் கொடியிலிருந்து துணி எடுக்கிறாள். அவ்வளவுதான். ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பார்த்தேன். மனம் லேசானது, கண் கலங்கியது என்றெல்லாம் எழுத ஆசைதான். உண்மையில் எனக்கு அலுப்பு வந்தது. நல்ல, கெட்டியான அலுப்பு. பள்ளிக்கூடத்தில் மத்தியான வகுப்பில் வருமே, அந்த மாதிரி. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது: எனக்கு அலுத்துப் போய் எத்தனையோ மாதம் ஆகிவிட்டது! பயம் இருந்தது, கோபம் இருந்தது, பரபரப்பு இருந்தது. அலுப்புக்கு மட்டும் இடமே கொடுக்காமல் இருந்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் வாயில் ஒரு கிளிப்பைக் கடித்துக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது.

உங்களில் யாருக்காவது இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா? நாடகம், கச்சேரி, எதுவானாலும் சரி.

அடுத்த ஸ்டாப்:

நடைவண்டி, பதிவு பிடித்திருந்தது. ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃபோனைப் பைக்குள் போட்டால் அரசியல் போய்விடும் என்பது எல்லோருக்கும் வாய்க்காது. நான் வசிக்கும் நாட்டில் நான் குடிமகன் இல்லை. இங்கே தேர்தல் வந்தால் எனக்கு ஓட்டுக் கிடையாது. ஆனால் மேடைக்கு மேடை "இவங்களை என்ன செய்யறது" என்று பேசுகிறார்களே, அந்த "இவங்க" நான்தான். என் விண்ணப்பம் ஒன்றரை வருஷமாக ஒரு மேசையில் கிடக்கிறது. செய்தி பார்க்காவிட்டால் எனக்குப் படபடப்பு கூடத்தான் செய்யும்.

ஓவியக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை. அந்த அமைதியே அடுத்த அடி எங்கிருந்து வருமோ என்பது போல இருந்தது. எனக்கு உதவியது ஒரு நாடகம். நாடகம் என்றால் திரை, இருட்டு, கைதட்டல் எல்லாம் இல்லை. சமூகக்கூடம் ஒன்றில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடத்தினார்கள். பிரேசில்காரர் அகுஸ்தோ போவால் உண்டாக்கிய முறை அது. ஒரு பிரச்சினையை நடித்துக் காட்டுவார்கள், அது தோல்வியில் முடியும். பிறகு அதையே மறுபடி ஆரம்பிப்பார்கள். இந்த முறை பார்வையாளர் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று குரல் கொடுத்து, மேடையேறி, சிக்கலில் மாட்டியவரின் இடத்தில் நின்று வேறு மாதிரி முயன்று பார்க்கலாம். போவால் 1993 முதல் 1996 வரை ரியோ நகரமன்ற உறுப்பினராக இருந்தபோது இதே முறையில் மக்களிடம் யோசனை வாங்கி 13 சட்டங்கள் கொண்டுவந்தாராம்.

அன்றைய காட்சி என்ன தெரியுமா? ஓர் அலுவலக ஜன்னல். உள்ளே ஒரு குமாஸ்தா. வெளியே கையில் கோப்போடு ஒருவர். மூன்று தடவை திருப்பி அனுப்புகிறார்கள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது, எழுந்து போய்விடலாம் என்றுதான் எழுந்தேன். வாயிலிருந்து "நிறுத்து" என்று வந்துவிட்டது. போய் நின்றேன். ஒன்றரை வருஷமாக வீட்டுச் சுவரைப் பார்த்துப் பேசியதையெல்லாம் பேசினேன். குமாஸ்தாவாக நடித்தவர் கைதேர்ந்த ஆள், ஒரே வாக்கியத்தில் என்னைக் கவிழ்த்துவிட்டார். எனக்குப் பிறகு ஐந்தாறு பேர் முயன்றார்கள். கடைசியாக ஒரு பாட்டி போய், ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார். குமாஸ்தாவுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கூடமே சிரித்தது, நானும்.

அன்று ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கினேன். விண்ணப்பம் இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறது.

பழைய ரேடியோ:

என்னுடையது சின்ன விஷயம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்த சண்டையால் அப்பாவும் நானும் இரண்டு மாதம் பேசவில்லை. அவர் ஒரு கட்சி, நான் அதற்கு நேர் எதிர். அம்மாதான், "ரெண்டு பேரும் எங்கேயாவது போய்த் தொலைங்க, வீட்ல இருக்க முடியலை" என்று அருங்காட்சியகத்துக்கு அனுப்பி வைத்தாள்.

அப்பாவோடு அருங்காட்சியகம் போவது தனி அனுபவம். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே எழுதியிருப்பதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உரக்கப் படிப்பார். பொருளைப் பார்க்கவே மாட்டார். நான் பத்தடி முன்னால் போய் நின்று, பின்னால் வரும் குரலைக் கேட்டுக்கொண்டே பார்த்தேன். பழைய காலத்து அரசன் ஒருவனின் பெரிய படம் வந்தது. வாளில் கை, நிமிர்ந்த தலை. அப்பா முதல் தடவையாகப் படத்தையே நிமிர்ந்து பார்த்துவிட்டு, "தொப்பையை எப்படி மறைச்சு வரையச் சொல்லியிருக்கான் பாரு" என்றார். "இப்ப மட்டும் என்னவாம், போஸ்டர்ல மறைக்கலையா?" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. நான் அவர் கட்சித் தலைவரை நினைத்துச் சிரித்தேன். அவர் என் ஆளை நினைத்துச் சிரித்திருப்பார். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜன்னலோரம்:

அரசியலையும் படத்தையும் எதிரெதிரே வைத்துப் பேசுகிறோமே என்று யோசித்தேன். அலுவல் வேலையாக மாட்ரிட் போனபோது ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்தில் பிக்காஸோவின் 'குவெர்னிகா'வைப் பார்த்தேன். 1937 ஏப்ரல் 26-ல் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் உள்ள குவெர்னிகா ஊரின் மேல் ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டன. பிக்காஸோ அப்போது பாரிஸில் இருந்தார். நம்மைப் போலவே அவருக்கும் விஷயம் செய்தித்தாள் வழியாகத்தான் தெரிந்தது! படமும் செய்தித்தாளின் நிறத்தில்தான் இருக்கிறது, கறுப்பு, வெள்ளை, சாம்பல். அகலம் கிட்டத்தட்ட 7.8 மீட்டர். ஒரே பார்வையில் பிடிபடாது, தலையைத் திருப்பித் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

நான் போனது 2023-க்கு முன்பு. அப்போது அந்த அறையில் புகைப்படம் எடுக்க அனுமதி இல்லை. அதனால் ஐம்பது அறுபது பேர் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெறுமனே நின்றிருந்தார்கள். செத்த குழந்தையை ஏந்திய தாய் இடது ஓரத்தில் வாயைப் பிளந்து அலறுகிறாள். இந்த மாதிரிக் காட்சியை நான் ஃபோனில் வாரத்துக்குப் பத்து பார்க்கிறேன். கட்டைவிரல் தள்ளிவிடும். இதைத் தள்ள முடியவில்லை. ஆறுதலாக இருந்ததா என்றால் இல்லை, கனமாகத்தான் இருந்தது. ஆனால் அது ஒரே ஒரு கனம். பத்தும் சேர்ந்து வருகிற கலக்கம் இல்லை. வெளியே வந்து வெகுநேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். இப்போது அங்கே படம் எடுக்க விடுகிறார்கள். எனக்கென்னவோ பழைய விதியே தேவலாம் என்று தோன்றுகிறது.

மூணாவது வரிசை:

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றப் போகிறேன், மன்னிக்கவும்.

எனக்கு மனச்சோர்வு நோய். மாத்திரை சாப்பிடுகிறேன், மூன்று வருஷமாக. நோய் கடுமையாக இருந்த நாட்களில் யார் யாரோ எனக்குக் கட்டுரைகளை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துக் கலைகள் உடல்நலத்துக்கு உதவும் என்று சொன்னதை ஒருத்தர் அனுப்பினார். மான்ட்ரியாலில் 2018-ல் டாக்டர்களே மருந்துச் சீட்டு மாதிரி எழுதிக் கொடுத்து நோயாளிகளை நுண்கலை அருங்காட்சியகத்துக்கு இலவசமாக அனுப்ப ஆரம்பித்தார்கள், இது இன்னொருத்தர். இங்கிலாந்தில் 50 வயது தாண்டிய 6,710 பேரை 14 ஆண்டுகள் கவனித்ததில், சில மாதங்களுக்கு ஒரு தடவையாவது அருங்காட்சியகம், நாடகம், கச்சேரி என்று போனவர்கள் இறக்கும் அபாயம் 31 சதவீதம் குறைவு, மூன்றாமவர். எல்லாம் உண்மையான தகவல்தான், நான் தேடிப் படித்தேன். ஆனால் அந்தக் கடைசி ஆய்வில், போனதால் நன்றாக இருந்தார்களா, நன்றாக இருந்ததால் போனார்களா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அதை எழுதியவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். எழுந்து குளிக்கவே முடியாமல் கிடந்தவளுக்கு "ஒரு கச்சேரிக்குப் போய்ட்டு வாயேன்" என்றால் எப்படி இருக்கும்? போக முடியாமல் போனது இன்னொரு குற்ற உணர்ச்சியாகச் சேர்ந்துகொள்ளும்.

மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்த பிறகுதான் போனேன். அதுவும் முதல் தடவை கச்சேரியின் நடுவில் மூச்சுத் திணறல் வந்துவிட்டது. நடு வரிசையில் நட்டநடு இருக்கை. இரண்டு பக்கமும் பன்னிரண்டு முழங்கால்கள். செத்தேன் என்றே நினைத்தேன். இப்போது எப்போதும் ஓர இருக்கைதான் வாங்குவேன், கதவு கண்ணில் படுகிற மாதிரி. சில அரங்குகளில் தளர்வான காட்சிகள் என்றே நடத்துகிறார்கள். விளக்கை முழுக்க அணைக்க மாட்டார்கள், எழுந்து போகலாம், திரும்பி வரலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். உங்கள் ஊரில் உண்டா என்று விசாரித்துப் பாருங்கள். எழுந்து போகலாம் என்று தெரிந்த பிறகு நான் ஒரு தடவைகூட எழுந்து போனதில்லை.

தூக்கம் போய், பசி போய், வாழ்ந்து என்ன பயன் என்று யோசனை வருகிறவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். படம் எங்கேயும் ஓடிவிடாது.

நடைவண்டி:

மூணாவது வரிசை, மன்னிப்பெல்லாம் எதற்கு? நீங்கள் சொன்னதுதான் சரி. நான் ஆலோசகரைப் பார்ப்பதை நிறுத்தவில்லை, பதிவில் அதைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். அடுத்த ஸ்டாப், அந்தப் பாட்டியை மறக்க முடியவில்லை. பைக்குள் போட என்னிடம் இருந்தது ஃபோன் மட்டும்தான் என்பது நீங்கள் எழுதிய பிறகுதான் புரிந்தது.

தனிச்செய்தியில் இரண்டு பேர், அந்தத் துணி எடுக்கும் படம் யார் வரைந்தது என்று கேட்டிருந்தீர்கள். பார்க்கவில்லை. பழைய ரேடியோவின் அப்பாவை அழைத்துப் போயிருந்தால் தெரிந்திருக்கும்.

இப்போது காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, அரை அரை மணி நேரம் செய்தி. நான்கு நாள் கடைப்பிடித்தால் ஐந்தாம் நாள் கவிழ்ந்துவிடுகிறேன். வாக்கு எண்ணும் நாள் நெருங்குகிறது. அன்று முழுக்க அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்து, விடுப்புக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நேற்றுதான் காலண்டரைப் பார்த்தேன். எண்ணுவது திங்கட்கிழமை. ஓவியக்கூடத்துக்குத் திங்கள் விடுமுறை.

திங்கட்கிழமை திறந்திருக்கும் இடம் எதுவும் தெரிந்தால் சொல்லுங்கள். பெஞ்ச் இருந்தால் போதும்.