மறு: ஸ்டெப்-பேக்: ‘பின்னடைவு’ வேண்டாமே

> டொரொண்டோ நகரத் திட்டக் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். கடைத்தெருவில் பழைய இரண்டடுக்குக் கடைகள் அப்படியே நிற்க, புதிய வாடகை வீடுகளின் மேல்மாடிகள் பின்னால் தள்ளி எழும்புகின்றன. இந்த ஸ்டெப்-பேக்குக்குப் ‘பின்னடைவு’ சரியா?

அக்கா, வணக்கம். ‘பின்னடைவு’ மட்டும் வேண்டாம். “மூன்றாம் மாடியில் 3 மீட்டர் பின்னடைவு” என்று படித்தால் இடைத்தேர்தல் முடிவு மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. செட்பேக் என்பது மனையின் எல்லைக்கும் சுவருக்கும் நடுவே தரையில் விடும் இடம். அதற்கு முன் இடைவெளி, பக்க இடைவெளி என்று புழக்கத்தில் சொல் இருக்கிறது. ஸ்டெப்-பேக்கில் தரைத்தளம் அசைவதே இல்லை, மேல்மாடி மட்டும் ஒதுங்குகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால், பழைய கடையை இடித்துத் தள்ளிக் கட்டச் சொல்கிறார்கள் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

> ‘படிவிலகல்’ எப்படி?

ஊட்டி அண்ணா, படி என்றதும் எனக்குக் கைப்பிடி எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. மன்னிக்கவும்.

நான் சொல்ல வந்தது ‘உள்வாங்கல்’. நானாக யோசித்ததில்லை. குன்னூரில் நான் குடியிருக்கும் வீட்டின் முன்பக்கம் ஒரு பழைய மளிகைக் கடை. அதன் பின்னால் மாடி எடுத்தபோது கொத்தனார் “மேல ஆறடி உள்ள வாங்கிக் கட்டிருக்கேன்” என்றார். கடல் உள்வாங்கியது என்கிறோமே, அதே வாங்கல். கரை இருந்த இடத்தில் இருக்கிறது, கடல்தான் விலகுகிறது. இங்கே கடை கரை, மாடி கடல்.

அந்த ஆறடி வெறுந்தளத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். ஆடி மழையில் அங்கே தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்து, கீழே கடையின் மர உத்தரத்தில் சொட்டுகிறது. கடைக்காரர் உப்பு மூட்டையை மூன்று முறை இடம் மாற்றிவிட்டார். ‘உள்வாங்கு தளம்’ என்று வைத்துக்கொள்ளலாமா? பழைய கட்டடம் கெடுவது பெரும்பாலும் அந்த மூலையில்தான்.

> கல்வித்துறையில் ‘உள்வாங்குதல்’ வேறு பொருளில் இருக்கிறதே?

இருக்கட்டும் தம்பி. அலை கடலிலும் இருக்கிறது, வானொலியிலும் இருக்கிறது. சந்தேகம் வரும் இடத்தில் ‘மாடி உள்வாங்கல்’ என்று எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் விளக்கத்தில் எவ்வளவு உள்வாங்குகிறது என்பதும் வர வேண்டும். ஓரடி உள்வாங்கினாலும் உள்வாங்கல்தான் என்பார் கட்டுபவர். அப்போது பழைய கட்டடத்தில் மிஞ்சுவது முன்சுவர் மட்டும். ஃபசாடிசம் என்கிறார்கள். அதற்கு ‘முகப்புக் காப்பு’ என்று இங்கே முன்பு ஒரு பேச்சு வந்தது, எனக்கு ஒப்பவில்லை. ஊட்டியில் கட்டடக் கலைஞர் சிஸம் வடிவமைத்த நீலகிரி நூலகத்தின் முன்சுவரை மட்டும் விட்டுவிட்டு, வாசிப்புக் கூடத்தை இடித்தால் நூலகத்தைக் காத்தோம் என்று சொல்வோமா? ‘ஒட்டுமுகப்பு’ என்று போடுங்கள். ஒட்டுமீசை போல.

மிட்-ரைஸுக்கு ‘நடுத்தர உயரக் கட்டடம்’ போதும். மாடி எண்ணிக்கையைச் சொல்லுக்குள் திணிக்க வேண்டாம். டொரொண்டோவின் 2010 வழிகாட்டியில், நடைபாதையும் சேர்த்துத் தெரு எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் கட்டடத்தின் உயரம் போகலாம் என்று இருந்தது. தெருவைப் பொறுத்து 5 முதல் 11 மாடி வரை வந்தது. நீலகிரியில், 1993 கட்டட விதிகளுக்குப் பிறகு உயரம் என்றாலே 7 மீட்டர் என்ற எண்தான் எல்லார் வாயிலும் வருகிறது. ஊட்டி கமர்சியல் ரோட்டில் போய் 11 மாடியை நடுத்தரம் என்றால் சிரிப்பார்கள்.

வாடகைக்கென்றே கட்டுவது ‘வாடகைக் குடியிருப்பு’, அவ்வளவுதான். (எஸ்டேட்காரர்கள் லைன் வீடா, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடா என்பார்கள். அது வேறு கதை.)

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “பழைய கடைகளுக்கு மேல், மூன்றாம் மாடியிலிருந்து 3 மீட்டர் உள்வாங்கல் வேண்டும், உள்வாங்கு தளத்தில் மழைநீர் வடிகால் அமைக்க வேண்டும்.” இரண்டாவது பாதி உங்கள் மூலத்தில் இல்லை அக்கா, எங்கள் கடைக்காரருக்காக நான் சேர்த்தது. எடுத்துவிடுங்கள்.

டொரொண்டோவின் அதே 2010 வழிகாட்டியில், மாடிகள் தாண்டக் கூடாத எல்லையாக 45 பாகையில் சாயும் கற்பனைத் தளம் ஒன்று வந்ததே, அதற்கு ஊட்டி அண்ணன் சொல் தரட்டும். படி இல்லாமல்.