கிட்டார் கேஸ் வாங்கும்போது எதைப் பார்ப்பீர்கள்?

கடையில் எல்லாரும் கேஸின் வெளி ஓட்டைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது உள்ளே, நெக்கை (கிட்டாரின் நீண்ட கழுத்தை) தாங்கும் மேடையை. கேஸுக்குள் இருந்தபடியே உடைந்து ரிப்பேருக்கு வரும் கிட்டார்களில் பெரும்பாலும் நெக்கின் மேல்முனையில் கம்பிகள் படியும் 'நட்டு' என்ற சின்னக் கட்டைக்குப் பின்னால்தான் போயிருக்கும். ஹெட்ஸ்டாக், அதாவது முறுக்காணிகள் உள்ள தலைப்பகுதி, பின்பக்கம் சாய்ந்த மாடல்களில் (கிப்சன் லெஸ் பாலில் 17 டிகிரி) அந்த வளைவில் மர நார் அறுபட்டு நிற்கிறது. நெக்கை நேராக வைக்கும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடுக்குக் குடைந்த குழியும் அங்கேயே. போதாததற்கு, ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில் அக்கூஸ்டிக் கம்பிகள் 70 கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். கேஸ் மல்லாக்க விழுந்தால் உடம்பு சட்டென்று நிற்கும், ஹெட்ஸ்டாக் நிற்காது.

அதனால் கிட்டாரைக் கடைக்கே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். முதல் சில ஃப்ரெட்டுகளுக்கு (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டங்கள்) அடியில் நெக் மேடையில் படிய வேண்டும். ஹெட்ஸ்டாக்கின் நுனியும் பின்புறமும் எதையும் தொடக் கூடாது. விரல் நுழையும் இடைவெளி வேண்டும். மூடி, நிமிர்த்தி, லேசாக ஆட்டுங்கள். உள்ளே இடித்தால் கேஸ் பெரிது. மூடியை அழுத்திப் பிடித்தால்தான் கொக்கி விழுகிறது என்றால், மூடி பிரிட்ஜை (கம்பிகளை உடம்போடு பிணைக்கும் கட்டை) அழுத்துகிறது. அது வேண்டவே வேண்டாம்.

'ஃபுல் சைஸ்' லேபிளை நம்பாதீர்கள். ட்ரெட்நாட் என்ற பெரிய உடம்பு அக்கூஸ்டிக் கிட்டாரின் அடிப்பக்க அகலம் ஏறக்குறைய 15.5 அங்குலம், நைலான் கம்பி கிளாசிக்கலுக்கு 14.5. முன்னதற்கான கேஸில் பின்னது உருளும். மொத்த நீளம், மேல் அகலம், அடி அகலம், அடிப்பக்க ஆழம் நான்கையும் டேப் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

*

மேலே சொன்னது ஹார்ட் கேஸுக்குச் சரி. ஆனால் நம் ஊரில் பாதிப் பேர் பைக்கில் போகிறவர்கள். 4, 5 கிலோ மரப்பெட்டியை முதுகில் மாட்ட முடியாது. அவர்களுக்கு கிக் பேக் என்ற மெத்தை வைத்த துணிப் பைதான். கிட்டாரோடு இலவசமாக வரும் 5 மி.மீ. பஞ்சு உறை தூசிக்கு மட்டும்தான் தாங்கும். 15 முதல் 20 மி.மீ. கெட்டியான ஃபோம் இருப்பதாகப் பாருங்கள். கட்டை விரலால் அழுத்தினால் மறுபக்கத் துணி தட்டுப்படக் கூடாது.

அடிப்பக்கம் ரப்பர் தட்டு கட்டாயம். பையைத் தரையில் 'டொக்' என்று வைக்கும்போது மொத்த எடையும் கிட்டாரின் அடியில் பட்டை மாட்டும் ஸ்ட்ராப் பட்டன்மேல் இறங்கும், அதற்கு உள்ளே இருக்கும் மரக்கட்டை (டெயில் பிளாக்) விரிசல் விடும். ஜிப்பின் உள்பக்கம் துணி மடிப்பு இல்லாவிட்டால் பாலிஷில் கோடு விழும். தோளில் மாட்டும் பட்டை குறுக்குத் தையலோடு இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். இன்னொன்று: பைக்கில் ஹெட்ஸ்டாக் உங்கள் தலைக்கு மேலே நிற்கும். கடை போர்டு, மரக்கிளை, ஷட்டர், எல்லாவற்றிலும் முதலில் இடிப்பது அதுதான்.

கிக் பேக்குக்கும் மரப்பெட்டிக்கும் நடுவில் தெர்மகோல் வார்ப்பில் வரும் ஃபோம் கேஸ் இருக்கிறது. எடை குறைவு, முதுகிலும் மாட்டலாம். ரயிலுக்கு அது போதும்.

*

விமானத்தில் லக்கேஜாகப் போடுவதென்றால் இவை எதுவும் போதாது, அலுமினிய விளிம்பு வைத்த ஃபிளைட் கேஸ் வேண்டும். கம்பியின் சுருதியை ஒன்றிரண்டு ஸ்டெப் இறக்குங்கள், முழுக்கத் தளர்த்த வேண்டாம். ஹெட்ஸ்டாக்கின் இரு பக்கமும், அடியிலும் பழைய பனியன் துணியைத் திணியுங்கள்.

ஈரப்பதம் பற்றி மேலே யாரும் சொல்லவில்லை. கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீதம் நல்லது. சென்னை மழைக்காலத்தில் அதைவிட எவ்வளவோ அதிகம். மேல் பலகை உப்பி ஆக்‌ஷன் (நெக்கிலிருந்து கம்பிகள் நிற்கும் உயரம்) ஏறிவிடும். கேஸுக்குள் ஈரப்பதம் காட்டும் சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்றும், சிலிக்கா ஜெல்லும் வையுங்கள். அளவு 45க்குக் கீழே போனால் ஜெல்லை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நெக்கின் விரல் பலகை சுருங்கி ஃப்ரெட் முனைகள் துருத்தும். நனைந்த பையில் கிட்டாரை விட்டுவைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காரில் எந்தக் கேஸும் காப்பாற்றாது: சூட்டில் பசை இளகி பிரிட்ஜ் தூக்கிக்கொள்ளும்.