சித்தியின் பேனா எழுதவில்லை

[காலை 7:10] சித்தி: அனைவருக்கும் வணக்கம். காலையிலேயே தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள். நேற்று இரவு ஒன்பதரை வரை எழுதிக்கொண்டிருந்த என் டேப்லெட் பேனா, இன்று ஆறு மணி வகுப்பில் ஓர் இருபடிச் சமன்பாட்டைப் பாதி போட்டிருக்கும்போது நின்றுவிட்டது. விரலை வைத்தால் பக்கம் நகர்கிறது, ஆனால் விரலாலும் எழுத முடியவில்லை. ஆகவே டேப்லெட்டே பழுதாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. பத்து மணிக்கு அடுத்த வகுப்பு இருக்கிறது.

[காலை 7:14] பெரியப்பா: பேனாவில் பேட்டரி தீர்ந்திருக்கும் அம்மா. சார்ஜ் போட்டுப் பார்த்தாயா?

[காலை 7:16] சித்தி: பார்த்தேன் அத்தான். 82 சதவீதம் என்று திரையிலேயே காட்டுகிறது. டேப்லெட்டை அணைத்துப் போட்டேன், ப்ளூடூத்தை நிறுத்தி மறுபடி இயக்கினேன், காத்திருந்த அப்டேட்டையும் போட்டுவிட்டேன். இருந்த பதற்றத்தில் எதற்குப் பிறகு எதைச் செய்தேன் என்பதே நினைவில் இல்லை.

[காலை 7:27] நான்: சித்தி, முதலில் டேப்லெட்டைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். பேனா ஒருமுறை இணைந்துவிட்டால், குறிப்பெழுதும் செயலிகள் பலவும் பேனாவால் மட்டும் எழுதும்படி தங்களை மாற்றிக்கொள்ளும். அதன்பின் விரல் பக்கத்தை நகர்த்துவதற்கு மட்டும்தான். கை பட்டுக் கோடு விழக்கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. செயலியின் செட்டிங்ஸில் விரலால் வரைவதற்கான அனுமதியை இயக்கிவிட்டு எழுதிப் பாருங்கள். விரல் திரை முழுவதும் எழுதினால், விரல்தொடுதலைப் பொறுத்தவரை திரை நன்றாக இருக்கிறது என்று பொருள்.

[காலை 7:31] சித்தி: இயக்கினேன். விரல் எல்லா இடத்திலும் எழுதுகிறது. மனது கொஞ்சம் அடங்கியது தம்பி. பேனா மட்டும் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. படம் வரையும் வேறொரு செயலியிலும் அதே கதைதான்.

[காலை 7:38] நான்: இரண்டு செயலிகளிலும் எழுதவில்லை என்றால் செயலியைத் தேட வேண்டியதில்லை. இனிமேல் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவோம், மாற்றியதும் எழுதிப் பார்ப்போம். நான்கு காரியங்களை ஒன்றாகச் செய்து பேனா எழுதிவிட்டாலும் எதனால் எழுதியது என்று தெரியாமல் போகும், அடுத்த முறை மறுபடி இருட்டில் தேடுவோம். பேட்டரி 82 என்று காட்டுவதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். உங்கள் பேனாவைப் போன்றவற்றில் பேட்டரியின் அளவு ப்ளூடூத் வழியாக வருகிறது. பேனா எந்த இடத்தில் இருக்கிறது என்பதை டேப்லெட் அப்படி அறிவதில்லை; முனையிலிருந்து வெளிப்படும் மிகச் சிறிய மின் சமிக்ஞையைத் திரையே உணர்ந்து இடத்தைக் கணக்கிடுகிறது. முதல் வழி திறந்திருந்து இரண்டாவது வழி அடைபட்டிருந்தால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும்: பேனா உயிரோடு இருப்பதாகத் திரை காட்டும், ஆனால் எழுதாது. அதனால் நான் முனையைத்தான் சந்தேகிக்கிறேன். முனையை அண்மையில் மாற்றினீர்களா?

[காலை 7:41] சித்தி: போன வாரம் மாற்றினேன். பழைய முனை, பாதி தேய்ந்த சாக்பீஸைப் போல ஒரு பக்கம் சாய்வாகத் தட்டையாகிவிட்டது. பேனாவோடு வந்த உபரி முனையைத்தான் போட்டேன். இப்போது நீ கேட்கும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. மூன்று நாட்களாகத் தசமப் புள்ளி சில நேரம் விழவில்லை. 2.5 என்று எழுதியது மாணவர்களுக்கு 25 என்று தெரிந்தது. நான்தான் அழுத்தி வைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

[காலை 7:47] நான்: நல்ல தடயம் கொடுத்தீர்கள் சித்தி. கோடு விழுந்து புள்ளி விழாமல் போனால், முனைக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கிறது என்று நினைக்க இடமிருக்கிறது. கோட்டை இழுக்கும்போது முனை எப்படியும் எங்காவது ஒரு கணம் தொட்டுவிடும்; புள்ளி வைக்கும்போது அந்த ஒரு கணம்தான் இருக்கிறது, அதில் தவறினால் தவறியதுதான். பேனாவைக் கண்ணுக்கு நேராகக் கிடையாகப் பிடித்து, முனை உடலோடு சேரும் இடத்தைச் சன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள்.

[காலை 7:52] சித்தி: (படம்)

[காலை 7:55] நான்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முனைக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு மயிரிழை நிழல் தெரிகிறது, அதுவும் ஒரு பக்கம் மட்டும் அகலமாக இருக்கிறது. இரண்டும் சுற்றிலும் ஒரே சீராக ஒட்டியிருக்க வேண்டும். முனை கோணலாகத் திருகப்பட்டிருக்கிறது. எழுதும்போது ஏற்படும் அசைவில் நாளுக்கு நாள் இன்னும் தளர்ந்து, இன்று முழுவதும் தொடர்பு விட்டிருக்கலாம்.

[காலை 7:57] பெரியப்பா: அப்படியானால் கட்டிங் பிளேயரால் இறுக்கமாக ஒரு முறுக்கு முறுக்கினால் சரியாகிவிடும் அல்லவா?

[காலை 8:01] நான்: வேண்டாம் பெரியப்பா, தயவுசெய்து பிளேயரைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். முனைக்குள் இருப்பது மெல்லிய உலோகத் தண்டு. எவ்வளவு அழுத்தி எழுதுகிறோம் என்பதை உணரும் பாகம் அதற்குப் பின்னால் இருக்கிறது. தண்டு வளைந்தால் முனையை மாற்றித் தீர்க்க முடியாது, பேனாவையே மாற்ற வேண்டியிருக்கும். பழுதுபார்க்கும் மேசையில் நான் பார்த்த வளைந்த தண்டுகளில் பல, தானாக வளைந்தவை அல்ல. இறுக்க முயன்ற கையால் வளைந்தவை. விரல்கள் போதும். சித்தி, முனையை இடப்பக்கமாகத் திருகி முழுவதும் கழற்றுங்கள். தண்டில் தூசியோ நூலோ இருந்தால் உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள், தண்ணீரோ எண்ணெயோ படவேண்டாம். முனையை நேராக வைத்து, முதலில் இடப்பக்கமாகவே மெதுவாகச் சுற்றுங்கள். திருகு மறைகள் ஒன்றோடொன்று அமரும் இடத்தில் ஒரு சிறு இறக்கம் விரலுக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் வலப்பக்கமாகத் திருக வேண்டும். தானாக நிற்கும் வரை போதும், அதற்குமேல் கால் சுற்றுகூட வேண்டாம்.

[காலை 8:13] சித்தி: எழுதுகிறது! நீ சொன்ன இறக்கம் மிக மெல்லியதாக இருந்தது; கண்ணை மூடிக்கொண்டு சுற்றியபோதுதான் விரலுக்குத் தட்டுப்பட்டது. முன்பு நான் நேரடியாக வலப்பக்கம் திருகி, இறுக்கமாக இருந்ததால் சரியாகப் போய்விட்டது என்று நம்பிவிட்டேன். மிகவும் நன்றி கண்ணா.

[காலை 8:15] தங்கை: சித்தி, எனக்கும் நிம்மதியாக இருக்கிறது. அண்ணா, இந்த நேரத்தில் என் பேனாவைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன். தேர்வுக்குப் படிக்கும் அவசரத்தில் எட்டு மாதமாக அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். நேற்று எடுத்தால் டேப்லெட் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. முனை இறுக்கமாகத்தான் இருக்கிறது.

[காலை 8:24] நான்: உன் பேனாவின் நோய் வேறு. அதற்குள் இருப்பது சின்னஞ்சிறு லித்தியம் அயன் பேட்டரி. முழு சார்ஜில் அந்த வகைச் செல் ஒன்று ஏறக்குறைய 4.2 வோல்ட்டில் நிற்கும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் மெதுவாக இறங்கிக்கொண்டே போகும். 3 வோல்ட்டுக்கும் கீழே வெகுவாக இறங்கிவிட்டால் பாதுகாப்பு மின்சுற்று அதைத் துண்டித்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் பேனா செத்துவிட்டதாகத்தான் தோன்றும். வழக்கமாக எப்படிச் சார்ஜ் செய்வாயோ அப்படியே வைத்து ஒரு மணி நேரம் தொடாமல் விட்டுவிடு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்காதே. சில பேனாக்கள் எழுந்துவிடும். பல மாதம் அந்த ஆழத்திலேயே கிடந்த செல்லுக்குள் ரசாயனச் சிதைவு நடந்திருந்தால் எழாது, அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. எழுந்துவிட்டால் ப்ளூடூத் பட்டியலில் இருக்கும் பழைய பெயரை நீக்கிவிட்டுப் புதிதாக இணை. இனிமேல் எடுத்து வைக்கும்போது பாதி சார்ஜில் வை, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்று.

[காலை 8:29] பெரியப்பா: எனக்கு ஓர் ஐயம். என் பேனாவுக்கு நான் மூன்று ஆண்டுகளாகச் சார்ஜே போட்டதில்லை. அதில் பேட்டரியே கிடையாது என்று வாங்கும்போது சொன்னார்கள். பேட்டரி இல்லாமல் ஒரு பேனா எழுத முடியும் என்றால் இவர்கள் இருவரும் ஏன் இத்தனை பாடுபட வேண்டும்?

[காலை 8:40] நான்: உங்களுடையது வேறு குலம் பெரியப்பா. திரைக்கு அடியில் இருக்கும் கம்பிச்சுருள்கள் ஒரு காந்தப்புலத்தை எழுப்பும். பேனாவுக்குள் இருக்கும் சிறு சுருள் அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு, அதைக் கொண்டே பதில் சமிக்ஞை அனுப்பும். ஜப்பானில் 1983-இல் தொடங்கிய வாக்கம் நிறுவனம் வளர்த்தெடுத்த நுட்பம் அது. 2011-இல் வந்த சாம்சங்கின் முதல் கேலக்ஸி நோட் கைபேசியின் எஸ் பென் என்ற பேனாவும் அந்த வழியில்தான் எழுதியது. பேனாவுக்கு மின்சாரத்தைத் திரையே கொடுப்பதால் பேட்டரி தேவைப்படுவதில்லை, ஆனால் அந்தச் சுருள் தகட்டைத் திரைக்கு அடியில் தனியாக வைக்க வேண்டும். சித்தியின் டேப்லெட் போன்றவற்றில் விரலை உணரும் அடுக்கே பேனாவின் சமிக்ஞையையும் வாங்குகிறது, அதனால் சமிக்ஞையைப் பேனாவே உண்டாக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவதாக, வெறும் ரப்பர் நுனியோடு வருபவை இருக்கின்றன. அவை விரலுக்குப் பதிலாக நிற்பவை மட்டுமே, எதனோடும் இணைக்க வேண்டியதில்லை. இதனால்தான் யார் பேனா எழுதவில்லை என்று வந்தாலும் அது எந்த வகை என்று முதலில் கேட்கிறேன். உங்கள் பேனாவுக்குச் சார்ஜ் வைத்தியமும் பயன்படாது, ப்ளூடூத் வைத்தியமும் பயன்படாது.

[காலை 8:44] பெரியப்பா: அப்படியானால் இதற்கும் ஒரு வைத்தியம் சொல். இரண்டு வாரமாகத் திரையின் வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பேனா எழுதவில்லை. எழுதினாலும் கோடு கொஞ்சம் தள்ளி விழுகிறது. மெய்ப்புத் திருத்தும்போது ஓரத்தில் குறி போட முடியாமல் தவிக்கிறேன். வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

[காலை 8:46] நான்: இரண்டு வாரத்துக்கு முன்னால் புதிய கவர் ஏதாவது போட்டீர்களா?

[காலை 8:47] பெரியப்பா: ஆமாம். மூடினால் தானாகவே ஒட்டிக்கொள்ளும் கவர்.

[காலை 8:49] நான்: ஒட்டிக்கொள்வது காந்தத்தால். உங்கள் பேனா காந்தப்புலத்தை நம்பி எழுதுவது, ஆகவே வலுவான காந்தம் பக்கத்தில் இருந்தால் அந்த இடத்தில் தடுமாறும். கவரை முழுவதும் கழற்றிவிட்டு அதே ஓரத்தில் எழுதுங்கள்.

[காலை 8:53] பெரியப்பா: ஓரம் முழுவதும் எழுதுகிறது. இரண்டு வாரம் என் கையையும் கண்ணையும் நொந்துகொண்டிருந்தேன்.

[காலை 8:58] சித்தி: உங்களுக்குச் சரியானதில் எனக்கும் மகிழ்ச்சி அத்தான். தம்பி, முழுவதும் குணமாகிவிட்டது என்று நான் அவசரப்பட்டுவிட்டேன். நீளமான கோடு இழுத்தால் அது அலை அலையாக நெளிகிறது. அடிஸ்கேலை வைத்து வரைந்தாலும் நெளிகிறது. எண்கள் சரியாகத்தான் விழுகின்றன.

[காலை 9:00] நான்: டேப்லெட் இப்போது சார்ஜில் இருக்கிறதா?

[காலை 9:01] சித்தி: இருக்கிறது. வகுப்பு நீளமாக இருக்குமே என்று மேசையில் இருந்த வேறு சார்ஜரில் போட்டேன்.

[காலை 9:05] நான்: வயரை மட்டும் கழற்றிவிட்டு அதே கோட்டை இழுங்கள், வேறு எதையும் தொட வேண்டாம். தரம் குறைந்த சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் திரை வரை ஏறிவிடும். திரை தேடிக்கொண்டிருப்பதோ முனையின் மிகச் சிறிய சமிக்ஞையை; கூட்டத்தில் மெல்லிய குரலைக் கேட்க முயல்வதைப் போல இடத்தைச் சற்று முன்னும் பின்னுமாகக் கணக்கிட்டுவிடும்.

[காலை 9:08] சித்தி: கழற்றியதும் கோடு நேராகிவிட்டது. மீண்டும் மாட்டினேன், நெளிந்தது. டேப்லெட்டோடு வந்த சார்ஜரில் போட்டேன், நெளியவில்லை. ஒவ்வொன்றாக மாற்றிப் பார் என்று நீ சொன்னதன் அருமை இப்போதுதான் புரிகிறது.

[காலை 9:12] நான்: கடைசியாக ஒரு சோதனை மட்டும் செய்துவிடுங்கள். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்வாக, விரலிடை தள்ளித் தள்ளி, மிக மெதுவாகக் கோடுகள் இழுத்துத் திரையை நிரப்புங்கள். பிறகு மறு சாய்வில் இழுங்கள். எல்லாக் கோடுகளும் திரையின் ஒரே இடத்தில் அறுந்தால் குற்றம் திரையில், அல்லது அந்த இடத்தில் தூக்கிக்கொண்டிருக்கும், திரைமேல் ஒட்டிய பாதுகாப்புத் தாளில். கோட்டுக்குக் கோடு வெவ்வேறு இடத்தில் அறுந்தால் குற்றம் பேனாவில். பேனாவைக் கடையில் கொடுப்பதற்கு முன்னால் எல்லோரும் இந்த ஒன்றையாவது செய்ய வேண்டும் என்பது என் ஆசை. நல்ல பேனாக்களைப் பழுது என்று ஒதுக்கி வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனது கேட்பதில்லை.

[காலை 9:24] சித்தி: (படம்) இரண்டு சாய்விலும் இழுத்துவிட்டேன். ஒன்றுகூட அறுபடவில்லை.

[காலை 9:26] நான்: படத்தைப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. தைரியமாக வகுப்பைத் தொடங்குங்கள். வகுப்பு முடிந்ததும் முனையை விரலால் ஒருமுறை பிடித்துப் பார்த்து, தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள். இன்றே மறுபடி தளர்ந்தால் அந்த முனையின் மறை தேய்ந்துவிட்டது என்று பொருள், புதிய முனை வாங்கிவிடலாம்.

[காலை 9:41] தங்கை: அண்ணா, சார்ஜில் வைத்து ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது. திரையில் பேனாவின் பெயர் வந்துவிட்டது! 3 சதவீதம் காட்டுகிறது. பழைய பெயரை நீக்கிவிட்டு இணைக்கப் போகிறேன்.

[காலை 9:43] நான்: மிகவும் மகிழ்ச்சி. நூறு வரும் வரை எடுக்காதே. அதன்பிறகு இரண்டு நாள் சார்ஜ் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று கவனித்துச் சொல். செல் எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

[காலை 11:20] சித்தி: வகுப்பு முடிந்தது. முனை அசையவில்லை. இன்று முழுவதும் தசமப் பின்னங்கள்தான் நடத்தினேன், எல்லாப் புள்ளிகளும் விழுந்தன.