வீட்டிலேயே பிள்ளை பார்ப்பவருக்கு எண்ணிக்கை வரம்பு வேண்டுமா?

குடந்தைவாசி:
எங்கள் தெருவில் ஒரு அக்கா, வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். இப்போது பதினொரு பிள்ளைகள். பார்ப்பது அவரும் அவர் மாமியாரும்தான். நல்ல மனுஷி, குறை சொல்லவில்லை. ஆனாலும் வீட்டுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வேண்டும். இங்கிலாந்தில் வீட்டில் பிள்ளை பார்ப்பவர் ஒரு நேரத்தில் எட்டு வயதுக்குட்பட்ட 6 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது.

மன்னை மருமகள்:
இங்கிலாந்துக்காரி ஜவுளிக்கடையில் இரவு ஒன்பது மணி வரை நிற்கிறாளா? பால்வாடியைச் சாயங்காலத்துக்கு முன்னாலேயே பூட்டிவிடுகிறார்கள். அந்த அக்கா ஆறு பேரோடு நிறுத்தினால் மிச்ச ஐந்து பேர் எங்கே போவார்கள்? கண் சரியாகத் தெரியாத பாட்டியிடம், இல்லையென்றால் ஏழு வயது அக்காவிடம். அதற்கு எந்த வரம்பும் கிடையாது.

குடந்தைவாசி:
2004 ஜூலை 16 மறந்துவிட்டதா? கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் செத்துப்போனார்கள். ஒரே கட்டடத்தில் பள்ளி மேல் பள்ளியாக அடைத்திருந்தது ஊருக்கே தெரியும். யாரும் கேட்கவில்லை.

கடைமடைக்காரன்:
அதை இங்கே இழுக்காதீர்கள். அது பள்ளிக்கூடம். சமையலறையில் பிடித்த தீ வகுப்பறைக் கீற்றுக்கூரைக்குத் தாவியது. ஓட்டு வீட்டில் பதினொரு பேர் இருப்பதும் அதுவும் ஒன்றா? நம் பக்கம் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. மேட்டூர் திறந்து கொல்லைப்புற வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது, பின்கதவுக்குத் தாழ் இல்லாத வீட்டில் ஒரு பிள்ளை இருந்தாலே அதிகம். கதவைப் பாருங்கள், கிணற்றுக்கு மூடி இருக்கிறதா பாருங்கள். தலையை எண்ணி என்ன செய்வது?

திருவாரூர் செவிலி:
தாழ் போட மறக்கிறவர் யார்? ஒரு கையில் அழுகிற பிள்ளை, இன்னொரு கையில் பால் புட்டி வைத்திருப்பவர்தானே. அதனால் தலையை எண்ணத்தான் வேண்டும், வயதோடு சேர்த்து. நாலு வயதுப் பிள்ளைகள் ஐந்து பேரைச் சமாளிக்கலாம். தவழ்கிறது மூன்று இருந்தால் முதுகு ஒடிந்துவிடும். கலிபோர்னியாவில் சிறிய வீட்டுக் காப்பகத்தில் எல்லாம் கைக்குழந்தை என்றால் 4 தான். பள்ளி வயதுப் பிள்ளைகளும் கலந்திருந்தால் நிபந்தனையோடு 8 வரை போகலாம். நம் நாட்டில் நிறுவனக் காப்பகங்களுக்கு 2018-இல் வந்த வழிகாட்டுதல், மூன்று வயதுக்குக் கீழே பத்துப் பேருக்கு ஒரு பணியாளர் என்கிறது. எழுதியவரைப் பத்துத் தவழும் பிள்ளைகளோடு ஒரு மதியம் உட்கார வைக்க வேண்டும்.

கடைமடைக்காரன்:
சரி, வயதுக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். யார் வந்து எண்ணுவது? அதிகாரி வந்தால் நாலு பிள்ளை பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். போன பிறகு திரும்பி வரும்.

மன்னை மருமகள்:
நூறு நாள் வேலைக்கு 2005-இல் போட்ட சட்டத்தில், வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் கூலி தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அப்படி யோசியுங்கள். அக்காவோடு இன்னொரு ஆளை நிறுத்திச் சம்பளம் கொடுங்கள், வரம்பு போடுங்கள், வாயே திறக்க மாட்டேன். பால்வாடியை ராத்திரி வரை திறந்து வைத்தாலும் சரி.

குடந்தைவாசி:
அது வருகிற வரை பதினொன்றும் அப்படியேவா? அடுத்த மாதம் பன்னிரண்டாவது வருகிறதாம், எட்டு மாதக் குழந்தை.