புதுப்பிப்பு: கேட்லாக் பட அனுமதி, கடைசியில் என்ன ஆச்சு

போன வாரம் புலம்பியிருந்தேனே, பாலக்காட்டுப் பக்கம் எங்கள் சின்ன ஓவிய அருங்காட்சியகத்தின் கேட்லாக் இரண்டு படங்களுக்கு அனுமதி இல்லாமல் கோவை அச்சகத்தில் நிற்கிறது என்று. அதன் மிச்சம் இது.

ரவி வர்மா படத்துக்கு அனுமதியே வேண்டாம் என்று பலர் சொன்னீர்கள். பாதி சரி. அவர் இறந்தது 1906. இறப்புக்குப் பின் 60 ஆண்டு என்ற கணக்கில் ஓவியத்தின் காப்புரிமை எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆனால் எங்களிடம் இருந்த ஃபைல், ஒருவர் மூன்று வருஷம் முன்பு தன் ஆசைக்கு எடுத்த போட்டோ. நாங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்னதல்ல, அதனால் போட்டோவின் உரிமை அவருக்கு. அவரைத் தேடிக் கொழிஞ்சாம்பாறைக்கே போனேன். டீக்கடை பெஞ்சில் அனுமதிக் கடிதத்தை விரித்து, "ஒரு பதிப்புக்கு மட்டும்" என்று தன் கையால் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். டீ கறை சகிதம் ஸ்கேன் ஆகிவிட்டது.

இன்னொன்று, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் வரைந்த படம்தான் நடக்கவில்லை. ஓவியத்தை வாங்கி வைத்திருப்பவர், "என் சுவத்துல இருக்கறது, தாராளமா போட்டுக்குங்க" என்றார். படம் அவருடையதுதான், ஆனால் காப்புரிமை எழுத்தில் கைமாறாதவரை ஓவியரின் வாரிசுகளுடையது. பணிக்கர் மறைந்தது 1977, ஆக 2037 முடியும்வரை.

அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். க்யூரேட்டர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.