1968 மார்க் 2 அம்பாசடருக்கு 9 லட்சமா?

பழைய_இரும்பு:
நேற்று மார்க்டூ_மணி இங்கே ஒரு விளம்பரப் படத்தைப் போட்டு, "1968 மார்க் 2, 9 லட்சம், இதுதான் இன்றைய மார்க்கெட் மதிப்பு" என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார். அண்ணே, விளம்பரத்தில் போடுவது விலை இல்லை, ஆசை. கை மாறின பணம்தான் விலை. அதை விடுங்கள், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பானெட்டுக்குள் உட்கார்ந்திருப்பது டீசல் இன்ஜின். அம்பாசடரில் டீசல் வந்ததே பின்னால் வந்த மார்க் 4 காலத்தில்.

மார்க்டூ_மணி:
தம்பி, 22 வருடமாக அம்பாசடர் வைத்திருக்கிறேன். இன்ஜின் மாற்றியது ஆர்.சி. புக்கில் முறைப்படி ஏறியிருக்கிறது. பாடித் தகடு ஒரிஜினல், கட்டம் போட்ட கிரில் ஒரிஜினல். இன்ஜின் ஓடுகிற சாமான், தேயும், மாற்றுவோம். அதை வைத்தா விலை பேசுவது?

கார்பரேட்டர்_கோவை:
ஆர்.சி.யில் ஏறினால் போலீஸ் பிடிக்க மாட்டான். வாங்குகிறவன் பிடிப்பான். நான் வண்டி பார்க்கப் போனால் முதலில் மண்ணெண்ணெய்த் துணியால் இன்ஜின் பிளாக்கைத் துடைப்பேன். கிரீஸ் போனதும் நம்பர் எழுந்து வரும். அந்த நம்பர் வண்டியின் முதல் ஆர்.சி.யோடு பொருந்த வேண்டும். நம்பரைச் சுற்றி அரம் போட்ட கீறல் தெரிந்தால் டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவேன். மணி அண்ணே, பழைய பெட்ரோல் பிளாக் விற்பவரிடம் இருக்கிறதா?

மார்க்டூ_மணி:
இன்ஜின் ஓடுகிற சாமான் என்று சொன்னேனே. இதே மாதிரி வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியே 6 லட்சம் மதிப்பு போட்டிருக்கிறது. கம்பெனிக்காரன் முட்டாளா?

பழைய_இரும்பு:
5 வருடம் தாண்டின வண்டிக்கு ஐ.டி.வி., அதாவது இன்ஷூரன்ஸில் எழுதுகிற மதிப்பு, என்பது நீங்களும் கம்பெனியும் பேசி வைத்துக்கொள்கிற தொகை. பிரீமியம் கட்டுவது நீங்கள், அவனுக்கு என்ன வலி? 2021 மத்திய அரசு விதியைப் படியுங்கள். 50 வருடம் தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் மாற்றம் இல்லாமல் இருந்தால்தான் வின்டேஜ் என்று 'வி.ஏ.' எழுத்து போட்ட நம்பர். இன்ஜின் என்ற வார்த்தை அதிலேயே இருக்கிறது.

மார்க்டூ_மணி:
அந்த நம்பர் யாருக்கு வேண்டும்? 20,000 ரூபாய் கட்டி வாங்கி, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் மட்டும் எடுத்துப் போகவா? நான் என் அம்பாசடரில் வாரா வாரம் திருச்செங்கோடு போய் வருகிறேன். டீசல் இருப்பதால்தான் போகிறேன்.

வெள்ளை_பியட்:
அப்படியென்றால் அது டாக்சி, கிளாசிக் இல்லை. 1089 சிசி, கியர் கம்பி ஸ்டீரிங்கை ஒட்டியே இருக்கிற ஸ்டீரிங் கியர், பம்பாய் குர்லாவில் செய்த பியட் 1100 வாங்குங்கள். இரண்டு விரலால் கியர் போடலாம்.

மார்க்டூ_மணி:
ஸ்டீரிங் கியர் அம்பாசடருக்கும் இருந்தது ஐயா. உங்கள் பியட்டில் பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவர் யார் மடியில்?

வெள்ளை_பியட்:
மனிதர்கள் உட்கார்ந்தால் போதும். மூட்டையா ஏற்றப் போகிறோம்?

வக்கீல்_வண்டி:
சண்டை வேண்டாம் சார். அபூர்வம்தான் விலை. 2022-இல் ஒரு மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். கூபே 13.5 கோடி யூரோவுக்குப் போனது. அந்த மாதிரி செய்ததே இரண்டுதான்.

பழைய_இரும்பு:
நல்ல உதாரணம். இரண்டே இரண்டு. அம்பாசடரை உத்தர்பாராவில் 2014 வரை அரை நூற்றாண்டுக்கு மேல் செய்து தள்ளினார்கள். இத்தனை வண்டி இருக்கும்போது, இன்ஜினும் மாறாததற்குத்தானே கூடுதல் காசு?

மார்க்டூ_மணி:
ஒரிஜினல் பற்றி யார் பேசுவது? 2019-இல் நீங்கள் எனக்கு விற்ற நாலு வீல் கப்பில் இரண்டு டூப்ளிகேட். ஒரு மழையில் குரோம் உரிந்தது. அன்றைக்கு இந்த ஞானம் எங்கே போயிருந்தது?

பழைய_இரும்பு:
1,200 ரூபாய்க்கு நாலு வீல் கப். அதற்கு ஏழு வருடமாகவா? பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன், நீங்கள்தான் வாங்கவில்லை.

மார்க்டூ_மணி:
பணம் யாருக்கு வேண்டும்? பேச்சு வேண்டும்.

கார்பரேட்டர்_கோவை:
பெட்ரோல் பிளாக் இருக்கிறதா? மூன்றாவது தடவை கேட்கிறேன்.

மார்க்டூ_மணி:
இரண்டாவது தடவை. எண்ணத் தெரியாதவர் இன்ஜின் நம்பர் பார்க்கிறாராம்.

வெள்ளை_பியட்:
விற்பவருக்கு நீங்கள் ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறீர்கள்? சொந்தமா?

மார்க்டூ_மணி:
மச்சான் என்பதால் மதிப்பு மாறிவிடுமா?

பழைய_இரும்பு:
ஓ. மச்சான்.

மார்க்டூ_மணி:
ஆமாம், மச்சான். அவன் 9 கேட்டது நான் சொல்லித்தான். 10 கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். இன்ஜின் ஓடுகிற சாமான், இதுதான் என் கடைசிப் பதிவு.

கார்பரேட்டர்_கோவை:
பிளாக்?

மார்க்டூ_மணி:
ஷெட்டில் இருக்கிறதாம்.

கார்பரேட்டர்_கோவை:
ஒரு படம் போடுங்கள். நம்பர் தெரிகிற மாதிரி.

மார்க்டூ_மணி:
இங்கே மழை.