அணுவைப் பிளந்துகொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது என்ன?

கேள்வி – தமிழாசிரியை:
மணிமேகலையின் 27ஆம் காதையை நடத்திக்கொண்டிருக்கிறேன். அதில் ஆசீவகர் (பழைய இந்தியச் சமயப் பிரிவொன்றைச் சேர்ந்தவர்) சொல்லும் அணு புதிதாகப் பிறக்காது, இரண்டாகப் பிளக்காது, அவல்போலத் தட்டையாகவும் ஆகாது. நிலம், நீர், தீ, காற்று, உயிர் என ஐந்து வகை. ஒற்றை அணு ஏன் தெரிவதில்லை? மாலை மங்கலில் ஒரு மயிர் தெரியாது, கற்றையாக இருந்தால் தெரியும் என்கிறார்கள். “குவார்க்கை அன்றே சொல்லிவிட்டார்களா அம்மா?” என்று, புரோட்டானுக்குள் இருக்கும் நுண்துகளை நினைத்து, ஒரு மாணவன் கேட்கிறான். ஆமென்று மார்தட்ட எனக்கு மனமில்லை. எல்லாவற்றையும் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள் என்ற அந்த வியாபாரம் ஏற்கெனவே அமோகமாக நடக்கிறது. இயற்பியல் அறிந்தவர்கள் சொல்லுங்கள்: பிளக்க முடியாத கடைசித் துண்டு என்ற எண்ணமாவது இன்று செல்லுபடியாகுமா?

பதில் – பரிதி:
பாதி செல்லும், அம்மா. எலக்ட்ரானுக்கும் குவார்க்குக்கும் உட்கூறு எதுவும் இதுவரை தென்படவில்லை. ஆனால் எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் சந்தித்தால் இரண்டும் போய் ஒளிதான் மிஞ்சுகிறது. ஆகவே அழியாத அணு என்பது நிற்காது. இன்னொன்று: புரோட்டானின் நிறை 938 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையை அளக்கும் ஆற்றல் அலகு). அதிலுள்ள மூன்று குவார்க்குகளின் நிறையைக் கூட்டினால் சுமார் 9தான் வரும். மீதியெல்லாம் குவார்க்குகளின் ஓட்டமும் அவற்றைப் பிணைக்கும் குளுவான் புலத்தின் ஆற்றலும். தராசில் நாம் நிறுக்கும் எடையில் பெரும்பங்கு இதுதான். துகள் என்பதே, வெளியெங்கும் பரவியிருக்கும் புலத்தில் அலைபோல எழும் கிளர்ச்சி என்பார்கள்.

பதில் – ஓய்வுபெற்ற நூலகர்:
புலம் எதனால் ஆனதாம்? நிறை, மின்னூட்டம், தற்சுழற்சி என்று எலக்ட்ரானைப் பற்றிச் சொல்வதெல்லாம் அது பிறவற்றோடு எப்படி நடந்துகொள்கிறது என்பதுதானே. நடத்தைக்குப் பின்னால் இருப்பது என்ன என்பதை இயற்பியல் தொடுவதில்லை. தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1927இலேயே இதைச் சுட்டிக்காட்டிவிட்டார்.

பதில் – பரிதி:
பின்னால் ஏதோ இருந்தே ஆகவேண்டும் என்று யார் சொன்னது? உறவுகளின் அமைப்பு மட்டுமே உண்மை என்று வாதிடும் தத்துவவாதிகளும் இருக்கிறார்களே, ஐயா.

தமிழாசிரியை:
இருவருக்கும் நன்றி. ஆனால் ஐந்தாம் அணுவை இருவருமே நைசாகத் தாண்டிவிட்டீர்கள். மற்ற நான்கையும் அறிவது உயிர் என்கிறார் ஆசீவகர். வெறும் உறவுகளின் அமைப்பு என்றால், அதை அறிகிறவன் அந்த அமைப்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறான்? நாளை அந்தப் பையன் இதைத்தான் கேட்பான்.